சர்க்கரை அளக்கக் கற்றுத் தரும் வகுப்பு: பாளையங்கோட்டையில் நான்கு சனிக்கிழமைகள்

கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் பெரியம்மாவிடம் இரண்டு ஆண்டுகளாகக் குளுக்கோமீட்டர் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்து, வருகிற எண்ணை அடுக்களை நாட்காட்டியில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதி வைப்பார். 148, 162, 139, 171 என்று அந்த எண்கள் மாதக்கணக்கில் வரிசையாக நிற்கின்றன. எண் கூடியிருந்தால் அன்றைக்கு ஓர் இட்லி குறையும். குறைந்திருந்தால் சாயங்காலக் காப்பியோடு ஏதாவது ஒரு பலகாரம் கூடும். அதற்கு மேல் அந்த எண்களை வைத்து வீட்டில் எவரும் எதுவும் செய்ததில்லை. மீட்டரை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். மருந்துக்கடைக்காரர், ரத்தச் சொட்டை வாங்கிக்கொள்ளும் ஸ்ட்ரிப்பை மீட்டரில் செருகுவதையும் விரலைக் குத்துவதையும் இரண்டு நிமிடத்தில் காட்டினார். வந்த எண்ணை என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பெரியம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு. காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். சென்ற பங்குனியில் ஒரு நாள் மதியம் வியர்த்துக் கொட்டி, கைகால் நடுங்கி, தாழ்வாரத்தில் உட்கார்ந்துவிட்டார் என்று போன் வந்த பிறகுதான், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுப் பக்கம் ஒரு தனியார் சர்க்கரை நோய் மையம் நடத்தும் நான்கு வார வகுப்பில் அவரைச் சேர்த்தேன். சனிக்கிழமை தோறும் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை வகுப்பு. கட்டணம் 1,200 ரூபாய். துணைக்கு வருபவர் இலவசமாக உட்காரலாம். குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பதால் மையத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

எங்கள் அணியில் பதினான்கு பேர் இருந்தோம். நடத்தியவர் ஒரு மூத்த செவிலியர். பல ஆண்டுகள் வார்டில் நின்றவர் என்பது, எவரையும் கடிந்துகொள்ளாமல் எல்லாரையும் வேலை வாங்கிய விதத்திலேயே தெரிந்தது. முதல் நாள் அவர் மீட்டரைத் தொடவே இல்லை. ஒரு தட்டில் கருப்பட்டியும் கதலிப்பழமும் கொண்டுவந்து வைத்தார். பெரியம்மாவைக் கூப்பிட்டு, கருப்பட்டியை ஒரு விள்ளல் உடைக்கச் சொல்லி, அந்தக் கையோடேயே விரலைக் குத்திப் பார்க்கச் சொன்னார். 243 வந்தது. பிறகு சோப்பு போட்டுக் கையைக் கழுவி, துண்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, அதே கையின் வேறொரு விரலில் பார்க்கச் சொன்னார். 158 வந்தது. இடையில் கடந்தது நான்கு நிமிடம்.

பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. பெரியப்பாவுக்குத் தினமும் கருப்பட்டியை உடைத்துக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, அதே கையோடு மீட்டரை எடுப்பதுதான் அவருடைய காலை வழக்கம். நாட்காட்டியில் நிற்கிற எண்களில் எத்தனை அவருடையவை, எத்தனை கருப்பட்டியுடையவை என்று இனி எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மீட்டர் எடுத்துக்கொள்ளும் ரத்தம் ஒரு மில்லி லிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு என்பதால், தோலில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் இனிப்பே எண்ணை நூறு வரை தூக்கிவிடப் போதும் என்று செவிலியர் விளக்கினார். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு முறை துடைத்தால் அது முழுவதும் போய்விடும் என்றும் நம்ப முடியாது; சோப்பும் தண்ணீரும்தான் வழி. கழுவிய ஈரம் போகத் துடைக்காவிட்டால் ரத்தம் நீர்த்துப்போய் எண் குறைந்து காட்டும். கை கழுவ வழியில்லாத இடத்தில் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டைப் பயன்படுத்தலாம்.

இதையெல்லாம் மீட்டர் பெட்டிக்குள் இருக்கும் தாளிலும் அச்சிட்டிருக்கிறார்கள்தான். எறும்பு ஊர்வது போன்ற அந்த எழுத்தை எங்கள் வீட்டில் எவரும் படித்ததில்லை. ஒரு விள்ளல் கருப்பட்டி அதைப் படித்துக் காட்டிவிட்டது.

விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு, விரலைப் பிதுக்கிக்கொண்டே இருந்தால் திசுநீர் கலந்து எண் மாறும், கையைத் தொங்கவிட்டு உதறினால் ரத்தம் தானே இறங்கும் என்பனவற்றையும் அன்றே செய்து பழகினோம். கணவனும் மனைவியும் விரலைக் குத்த ஒரே குத்தூசிப் பேனாவைப் பயன்படுத்துவதாக மேலப்பாளையத்திலிருந்து வந்திருந்த ஒரு தம்பதியர் சொன்னபோது, செவிலியர் பேச்சை நிறுத்திவிட்டு அதற்கென்றே கால் மணி நேரம் ஒதுக்கினார். ஊசியை மட்டும் மாற்றினால் போதாது, பேனாவும் ஆளுக்கொன்று வேண்டும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி போன்ற தொற்றுகள் அதன் வழியாகப் பரவும் என்றார். அவர்கள் அன்றே இரண்டாவது பேனா வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஸ்ட்ரிப் புட்டியைப் பற்றிய பகுதி நம்முடைய ஊருக்கென்றே சொன்னது போலிருந்தது. பெரும்பாலான புட்டிகளில் முப்பது டிகிரி செல்சியசுக்கு மேல் வைக்க வேண்டாம் என்று அச்சிட்டிருக்கும். சித்திரை, வைகாசியில் நெல்லைச் சீமையின் ஓட்டு வீட்டுக்குள்ளேயே அதைத் தாண்டும். வெயிலில் நிறுத்திய பைக்கின் பெட்டிக்குள் எவ்வளவு போகும் என்று சொல்லத் தேவையில்லை. அதற்காகக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், வெளியே எடுக்கும்போது ஈரம் படிந்து ஸ்ட்ரிப் கெடும். அடுப்பிலிருந்தும் சன்னலிலிருந்தும் தள்ளி, வீட்டின் குளிர்ந்த மூலையில், மூடியை இறுக மூடி வைப்பதுதான் சரி. புட்டியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வைக்கச் சொன்னார். திறந்த பிறகு எத்தனை மாதம் தாங்கும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெரியம்மா ஸ்ட்ரிப்புகளைப் புட்டியிலிருந்து எடுத்து, கைக்கு வசதியாக இருக்கிறது என்று ஒரு பழைய வெற்றிலைச் செல்லத்தில் போட்டு வைத்திருந்தார். அந்த ஐம்பது ஸ்ட்ரிப்புகளையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. ஒன்று இருபது ரூபாய் என்று கணக்குப் பார்த்தால் மனம் வலிக்கத்தான் செய்கிறது.

ஆய்வகத்தில் 140 வந்த அதே நேரத்தில் தன் மீட்டர் 155 காட்டியது என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சண்டைக்கு வந்தது போல் கேட்டார். வீட்டு மீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 15197 தரவிதி 2013 முதல் கேட்பது இதுதான்: நூறு மில்லி லிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லி கிராம் என்ற நம் கணக்கில், நூறுக்குக் கீழே உள்ள அளவுகளில் ஆய்வக எண்ணிலிருந்து பதினைந்து மில்லி கிராமுக்குள்ளும், நூறும் அதற்கு மேலும் உள்ளவற்றில் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்குள்ளும், நூறு அளவீடுகளில் குறைந்தது தொண்ணூற்றைந்து அமைய வேண்டும். ஆகவே 140க்கு 155 என்பது பழுதாகாது. ரத்தசோகை உள்ளவர்களுக்கு மீட்டர் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதையும் செவிலியர் சேர்த்துச் சொன்னார். அது தெரிந்திருந்தால் எங்கள் வீட்டுப் பெண்கள் பாதிப் பேரின் எண்களை வேறு விதமாகப் படித்திருப்போம்.

இரண்டு சின்னக் கதைகளை இங்கே சொல்லிவிடுகிறேன். சமாதானபுரத்து அண்ணாச்சி ஒருவருக்கு மகன் சிங்கப்பூரிலிருந்து மீட்டர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். அது 9.4 என்று காட்ட, அவர் அதை மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் தூங்கவில்லையாம். அங்கே பயன்படும் அலகு வேறு. பதினெட்டால் பெருக்கினால் நமக்குப் பழகிய எண் வந்துவிடும். 9.4 என்பது ஏறத்தாழ 169. இன்னொரு வீட்டில் மாமியாருக்கு அளந்தபோது திரையில் எச், ஐ என்று இரண்டே எழுத்து வந்திருக்கிறது. "மிஷின் வணக்கம் சொல்லுதுன்னு நெனச்சேன்" என்று மருமகள் சொல்ல, வகுப்பே சிரித்தது. செவிலியர் மட்டும் சிரிக்கவில்லை. பெரும்பாலான மீட்டர்களில் 600க்கு மேலே போனால்தான், மிக அதிகம் என்று சொல்லும் அந்த எழுத்து வரும். கையைக் கழுவி மறுபடி பார்த்தும் அதுவே வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாம் வாரத்தில் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்கள். சாப்பிடும் முன் எவ்வளவு, முதல் வாய் வைத்து இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு, இடையில் என்ன சாப்பிட்டோம், நடந்தோமா, படுத்தோமா என்பதையெல்லாம் ஒரே வரியில் எழுத வேண்டும். வெறும் வயிற்று எண்ணை மட்டும் இரண்டு ஆண்டு எழுதியது, பேருந்து புறப்பட்ட நேரத்தை மட்டும் குறித்துவிட்டு அது எங்கே தாமதமானது என்று கேட்பதைப் போன்றது என்றார். தினமும் பார்க்கவும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் ஒரு நாள் காலை உணவுக்கு முன்னும் பின்னும், இன்னொரு நாள் மதியத்துக்கு, மற்றொரு நாள் இரவுக்கு என்று மாற்றி மாற்றிப் பார்த்தால், ஆறு ஸ்ட்ரிப்பில் முழு நாளின் போக்கும் ஓரளவு தெரிந்துவிடும். இன்சுலினின் அளவை மாற்றுகிற காலத்தில் மருத்துவர் இன்னும் கூடுதலாகப் பார்க்கச் சொல்லலாம்.

ஒவ்வொருவரும் அந்த வாரத்துக்கென்று ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரியம்மாவின் கேள்வி பதநீர். அது பனையிலிருந்து இறங்குவது, குளிர்ச்சி, சீனியில்லாதது, ஆகவே ஏறாது என்பது அவருடைய உறுதியான கட்சி. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்த பதநீரைக் குடிக்கும் முன் 132. இரண்டு மணி நேரம் கழித்து 247. மூன்று இட்லி சாப்பிட்டு இருபது நிமிடம் நடந்த நாளில் 141லிருந்து 172க்குத்தான் போயிருந்தது. நான் பத்து ஆண்டாகச் சொல்லி நடக்காததை அந்த இரண்டு எண்கள் செய்தன. பதநீரைக் காய்ச்சினால்தானே கருப்பட்டி என்று அவரே சொல்லிவிட்டு, "ஏய்யா, அப்போ இத்தனை நாளும் என்னையே நான் ஏமாத்திக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். பதநீரை அவர் விட்டுவிடவில்லை; அரைப் பட்டையாக்கி, அன்றைக்குக் காலை இட்லியில் ஒன்றைக் குறைத்துக்கொள்கிறார்.

இலக்கு எண்களைச் சுவரில் ஒட்டி எல்லாருக்கும் ஒன்றாகச் சொல்லாமல் விட்டதை இந்த வகுப்பின் பெரிய தகுதியாகக் கருதுகிறேன். பொதுவாக வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை, உணவு தொடங்கி இரண்டு மணி நேரத்தில் 180க்குள் என்று சொல்வார்கள். ஆனால் வயதானவருக்கும், அடிக்கடி சர்க்கரை தாழ்கிறவருக்கும் மருத்துவர் அதைத் தளர்த்தலாம். அவரவர் மருத்துவரிடம் எழுதி வாங்கி வரச் சொல்லி, அதையே நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டினார்கள். எச்பிஏ1சி 7 என்றால் சராசரி ஏறத்தாழ 154 என்பதையும், அறுபதுக்கும் இருநூற்று நாற்பதுக்கும் இடையில் ஊஞ்சலாடுகிறவருக்கும் அதே 7 வரக்கூடும் என்பதையும் கரும்பலகையில் வரைந்து காட்டியபோதுதான், ஆய்வகச் சீட்டு கையில் இருக்கும்போது வீட்டில் எதற்குக் குத்த வேண்டும் என்ற என் பழைய கேள்விக்கு விடை கிடைத்தது.

மூன்றாம் வாரம் தாழ்நிலைச் சர்க்கரையைப் பற்றியது. பெரியம்மாவுக்கு இதுதான் உயிர்ப் பாடம். எழுபதுக்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டும். ஐம்பத்து நான்குக்குக் கீழே என்றால் ஆபத்து. நேரமிருந்தால் அளந்து பார்ப்பது நல்லது, மீட்டர் கைக்கெட்டாவிட்டால் அளக்கக் காத்திருக்கவே கூடாது. "மயக்கம் வாற மாதிரி இருந்தா என்ன எடுத்துக்கிடுவீங்க?" என்று செவிலியர் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பெரியம்மா பெருமையோடு கைப்பையைத் திறந்து, எண்ணெய்த்தாளில் சுற்றிய அல்வாவை எடுத்துக் காட்டினார். எப்போதும் கால் கிலோவில் பாதி அந்தப் பையில் இருக்கும் என்பது எங்கள் குடும்பத்துக்கே தெரிந்த ரகசியம். அது மருந்தாகத்தான் இருக்கிறது என்பதை அன்றுதான் நானும் அறிந்தேன்.

"அம்மா, அல்வாவ நல்லா இருக்கிற அன்னைக்கு ஒரு துண்டு கணக்குப் பண்ணித் தின்னுக்கிடுங்க. லோ ஆகும்போது அது வேண்டாம்" என்றார் செவிலியர். கோதுமைப் பாலும் சீனியும் சேர்ந்ததுதான் என்றாலும், அல்வாவில் நிற்கிற நெய் வயிற்றிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை ரத்தத்தில் ஏற வேண்டிய பதினைந்து நிமிடத்தில் அது வயிற்றிலேயே உட்கார்ந்திருக்கும். பிறகு தேவையில்லாத நேரத்தில் ஏறும். மூன்று தேக்கரண்டி சீனியை, அதாவது ஏறத்தாழ பதினைந்து கிராமை, தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து, இன்னும் எழுபதைத் தொடாவிட்டால் மீண்டும் அதையே செய்ய வேண்டும். ஏறிய பிறகு இட்லியோ சோறோ சாப்பிட்டுக்கொள்ளலாம். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழைக்க வேண்டும். வோக்லிபோஸ், அகார்போஸ் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்குச் சீனித் தண்ணீரும் விரைவாக வேலை செய்யாது. சீனியைப் பிரிக்கிற நொதியையே அந்த மாத்திரைகள் தடுத்து வைப்பதால், அவர்கள் குளுக்கோஸ் பொடியைத்தான் கையில் வைத்திருக்க வேண்டும். பெரியம்மாவின் சீட்டைப் பார்த்தோம். அதில் வோக்லிபோஸ் இருந்தது.

திரும்பிப் போகையில் ஜங்ஷனில் குளுக்கோஸ் பொட்டலம் நான்கு வாங்கினோம். அல்வா, செங்கோட்டை ரயில் வீரவநல்லூர் போய்ச் சேரும் முன்பே தீர்ந்தது. அதற்குச் சாட்சி நான் மட்டுமே.

நான்காம் வாரத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். மேல்கையின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரைக் காட்டினார்கள். அது ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் உள்ள திசுநீரை அளப்பதால், சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் ஐந்து முதல் பதினைந்து நிமிடம் வரை பின்தங்கும். சென்சார் இருக்கிற கையை அழுத்திப் படுத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். நள்ளிரவில் 58 என்று அலறி எழுப்பி, விரலில் பார்த்தால் 104 இருந்த கதையை ஒருவர் சொன்னார். எண்ணைவிட, சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று அதன் பக்கத்தில் காட்டும் அம்புக்குறியைப் பார்க்கப் பழக வேண்டும், உடலின் நிலைக்கும் எண்ணுக்கும் ஒத்துப்போகாவிட்டால் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும் என்பவை பயனுள்ள பாடங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இரவில் சர்க்கரை தாழ்கிறவர்களுக்கும் இது பெரிய துணை என்பதில் ஐயமில்லை.

ஆனால் அன்றைக்கு வகுப்பை நடத்தியவர் செவிலியரல்லர். ஒரு விற்பனைப் பிரதிநிதி. பதினான்கு நாளில் தீர்ந்துபோகும் ஒரு சென்சாருக்கு ஐந்தாயிரம் ரூபாயை ஒட்டி ஆகும் என்பதை அவர் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் சொன்னார். மாத்திரை மட்டும் சாப்பிட்டு எண் சீராக இருக்கிற அந்த ஆசிரியரிடமும் அதை வாங்கச் சொல்லி வற்புறுத்தினார். கட்டணம் கொடுத்து உட்கார்ந்தவர்களிடம் அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் வியாபாரம் நடந்தது என்பது என் குற்றச்சாட்டு.

வேறு குறைகளும் உண்டு. முதல் நாள் வகுப்பு நாற்பது நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. காலை இன்சுலின் போட்டுக்கொண்டு கையில் பலகாரமில்லாமல் வந்திருந்த இரண்டு முதியவர்களுக்கு அந்த நாற்பது நிமிடம் விளையாட்டன்று. கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. செவிலியர் தமிழில் சொன்னதை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன், எழுதத் தெரியாதவர்கள் கேட்டதோடு சரி. பயிற்சிக்கு ஒரே நிறுவனத்தின் மீட்டரை மட்டும் வைத்திருந்தார்கள். பெரியம்மாவின் பழைய மீட்டரில் ஒவ்வொரு புதுப் புட்டிக்கும் குறியீட்டு எண்ணை மாற்ற வேண்டும் என்பதை அங்கே எவரும் கவனிக்கவில்லை. வீட்டில் நானே கண்டுபிடித்தேன். கண் மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்துத் திரையும், எண்ணைப் பேசிச் சொல்லும் மீட்டரும் உண்டு என்ற செய்தியே வகுப்பில் வரவில்லை. இருந்தவர்களில் பாதிப் பேர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு திரையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தவர்கள்.

1,200 ரூபாய் எல்லாராலும் முடியாது. பக்கத்து வீட்டு மதினிக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள்தான் வீட்டுக்கு வந்து சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவருக்கும் அதே போல ஒரு நோட்டைக் கோடு போட்டுக் கொடுத்தேன். அவர்கள் பார்க்கும் எண்ணோடு, எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து என்பதை இப்போது அவரே எழுதி வைக்கிறார்.

முதல் மூன்று வாரத்துக்காக இந்த வகுப்பை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். நான்காம் வாரத்துக்குப் போகும்போது பணப்பையை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். சேருகிறவர்கள் தங்கள் சொந்த மீட்டரையும், ஸ்ட்ரிப் புட்டியையும், மருத்துவர் எழுதிய சீட்டையும் முதல் நாளே கொண்டுபோக வேண்டும்; மையத்தில் கேட்க மாட்டார்கள், நாமாகத்தான் காட்ட வேண்டும். வீட்டில் சமைப்பவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள். காலை பத்து மணி என்றால் பத்தே முக்கால் என்று வைத்துக்கொண்டு, பையில் இரண்டு இட்லியும் ஒரு பொட்டலம் குளுக்கோஸும் எடுத்துக்கொள்ளுங்கள்.